மேனேஜர் குடித்த தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள டீச்சருக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நானும் பூனையும் சுகம். அங்கே நீயும் மகளும் பேத்தியும் சுகமாக இருப்பதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். எதைக் கேட்டாலும் அவர் அப்படித்தான் சொல்வார் என்பதால், அதை உன் கையெழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

“எழுதி அனுப்புங்க, அப்பத்தான் பின்னாடி மாத்திப் பேச முடியாது” என்று நீ போகும்போது போட்ட உத்தரவுப்படி இந்த மாத அறிக்கையை எழுதுகிறேன். முப்பது வருடம் பரீட்சை ஹாலில் பிட்டுப் பிடித்த கண் உனக்கு. கட்டிய கணவனையும் கடைசி பெஞ்சு மாணவனாகவே பார்க்கிறாய். போகட்டும்.

மேனேஜர் நன்றாக இருக்கிறார். பதினோரு வயதுப் பூனைக்கு உரிய கம்பீரத்தோடு, யார் என்ன வேலை செய்தாலும் வந்து மேற்பார்வை பார்த்துவிட்டு, தான் எதுவும் செய்யாமல் நாற்காலியில் போய்ப் படுத்துக்கொள்கிறார். வாரத்துக்கு ஒரு முறை எடை பார்க்கச் சொல்லியிருந்தாய். அவரை மட்டும் தராசில் நிறுத்தினால் இறங்கிப் போய்விடுகிறார். ஆகவே அவரைத் தூக்கிக்கொண்டு நான் ஏறினேன். எழுபத்தாறு கிலோ. நீ கிளம்பும் முன் டாக்டரிடம் பார்த்தபோது என் எடை எழுபத்தொன்று. கழித்தால் ஐந்து. போன வருடம் அவர் நாலரைக்குக் கொஞ்சம் மேல் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். ஆக, என் பராமரிப்பில் பூனை இளைக்கும் என்று நீ பேருந்து நிலையத்தில் எல்லார் முன்னாலும் சொன்னது பொய்யாகிவிட்டது. எழுத்தில் பதிவு செய்கிறேன்.

தண்ணீர் விஷயம். குடிநீர் வாரிய இன்ஸ்பெக்டராக முப்பத்தொரு வருடம் ஊரார் வீட்டு மீட்டர்களைப் பார்த்தவனுக்கு ஒரு கிண்ணம் பெரிய காரியமில்லை. கிண்ணத்தின் உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். தினமும் காலை ஏழு மணிக்குக் கோடு வரை நிரப்புவேன். மறுநாள் ஏழு மணிக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். அரை டம்ளர். நேற்றும் அரை டம்ளர், போன மாதமும் அரை டம்ளர். இவ்வளவு ஒழுங்கான நுகர்வோர் என் பணிக்காலத்தில் எனக்கு வாய்த்ததில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. மேனேஜர் சிறுநீர் போகும் மணல் தட்டை அள்ளும்போது, ஈரத்தில் இறுகிய மணல் முன்பெல்லாம் எலுமிச்சை அளவில் இரண்டு கட்டி இருக்கும். இப்போது ஆரஞ்சு அளவில் நான்கு வருகிறது. உள்ளே போவது அரை டம்ளர், வெளியே வருவது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். எங்கள் துறையில் இதற்கு ஒரே ஒரு பெயர்தான் உண்டு: திருட்டு இணைப்பு.

எனக்கு எதிர்வீட்டுச் செம்பட்டைப் பூனைமேல் சந்தேகம். அது நம் ஜன்னல் வழியாக வந்து மேனேஜரின் தட்டை உபயோகிக்கிறது என்று நினைக்கிறேன். ஜன்னல் விளிம்பில் மாவு தூவி வைத்திருக்கிறேன். கால்தடம் கிடைத்ததும் எழுதுகிறேன்.

பின்குறிப்பு மாதிரி ஒரு விஷயம். ஆறு மாதம் என்று போனவள் நீ. எட்டு மாதம் ஆகிறது. அங்கே இன்னும் சில மாதம் தங்க நீ முடிவு செய்திருப்பதாக மாப்பிள்ளை வாய் தவறிச் சொன்னார். நீ சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. குறித்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

குழந்தைக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட
இன்ஸ்பெக்டர்


புதன்கிழமை

அன்புள்ள டீச்சருக்கு,

திருட்டு இணைப்பு பிடிபட்டது.

மாவில் எந்தக் கால்தடமும் விழவில்லை. எதிர்வீட்டுப் பூனையிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பிறகு, கசிவு எங்கே என்று தெரியாதபோது நாங்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். போவதுபோல் போய்த் திரும்பி வந்தேன். நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு எப்போதும்போல் செருப்புச் சத்தம் கேட்க நடைக்குக் கிளம்பி, பக்கத்துச் சந்தைச் சுற்றி, சமையலறைப் பின்கதவு வழியாக உள்ளே வந்தேன்.

நம் மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா கிண்ணத்தின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு ஜாடி. அவர் ஊற்ற ஊற்ற மேனேஜர் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் வெகுநாள் பழக்கம் என்பது பார்த்ததும் தெரிந்தது.

இது என்னம்மா என்று கேட்டேன். அவர் பதறவே இல்லை. “தண்ணி சார்” என்றார்.

விசாரணையில் தெரிய வந்தது இது. காலையில் நான் பேப்பர் வாங்கப் போகும்போது அரை டம்ளர், சாயங்காலம் நடைக்குப் போகும்போது அரை டம்ளர், எட்டு மாதமாக ஒரு நாள் தவறாமல் ஊற்றியிருக்கிறார். வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனது யார் என்று உனக்கே தெரியும். “டீச்சரம்மாதான் சொன்னாங்க. அவர் எங்கயாவது ஒரு கோடு போட்டு வைப்பாரு, கோட்டைப் பார்ப்பாரு, பூனையைப் பார்க்க மாட்டாரு, நீ ஒரு கண்ணு வச்சுக்கன்னு.” சொல்லிவிட்டு அந்த அம்மாள் கிண்ணத்தின் உள்ளே இருந்த கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் பாராட்டுகிறேன்.

உன்மேல் கோபமில்லை. முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்திய பிறகு என்மேல் ஒரு உளவாளியை அமர்த்திவிட்டுப் போயிருக்கிறாய் என்பதைத் தகவலுக்காக மட்டும் எழுதுகிறேன். நான் அவனை வாட விட்டுவிடுவேன் என்று நினைத்தாய். மேனேஜரை உன் மரியாதைக்காக அவர் என்றே எழுதி வந்தேன், கை தவறிவிட்டது.

ஆனால் கோபத்தை ஒதுக்கிவிட்டுக் கூட்டிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அரை டம்ளர் என்று நான் எழுதி வந்ததெல்லாம் அரை டம்ளர் அல்ல. ஒன்றரை டம்ளர். நான் நிரப்பியது குறையும்போதெல்லாம் அந்த அம்மாள் நிரப்பியிருக்கிறார். அவர் ஊற்றியது போக மிஞ்சிய குறைவை மட்டும் நான் அளந்திருக்கிறேன். தினமும் ஒன்றரை டம்ளர் குடிக்கும் ஒரு பூனையை, நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் சேர்ந்து அரை டம்ளர் பூனையாக்கி வைத்திருந்தோம்.

தையல்காரம்மா அத்தோடு விடவில்லை. “சார், ரெண்டு மாசமா தூக்கினா துணி மாதிரி இருக்கு. உங்ககிட்ட சொன்னா, எங்க தூக்கினன்னு கேப்பீங்களேன்னு விட்டுட்டேன்” என்றார். போன வருடம் அவனுக்குப் பல் பிடுங்கியபோது, குளிரில் நடுங்காமல் இருக்கக் கழுத்துக்கும் வயிற்றுக்கும் சேர்த்து ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாரே, அந்த அளவு அவருடைய நோட்டில் இருக்கிறது. இரண்டு ரவிக்கைகளுக்கு நடுவில், ‘கீழ்வீட்டு மேனேஜர், வயிறு பதினாறு’. டேப்பைக் கொண்டுவந்து நேற்றே அளந்தார். பதினாலரை.

என் தராசு அவன் ஏறியிருக்கிறான் என்கிறது. அவர் டேப் இளைத்திருக்கிறான் என்கிறது. எனக்கு டேப்மேல்தான் சந்தேகம். துணி டேப் நாள்பட இழுபடும். இருந்தாலும் இழுபட்ட டேப் ஏன் இரண்டு ரவிக்கைகளையும் விட்டுவிட்டுப் பூனையை மட்டும் குறைத்துக் காட்ட வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டார். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பூனை டாக்டரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். பயப்படாதே. அவன் நன்றாகச் சாப்பிடுகிறான், நாற்காலியில் ஏறுகிறான், என்னை ஏளனமாகப் பார்க்கிறான். எல்லாம் பழையபடிதான். அதுதான் எனக்கு லேசாக உதைக்கிறது.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் உளவாளியிடம் பிடிபட்ட
இன்ஸ்பெக்டர்


திங்கட்கிழமை

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. மூன்று பக்கம் பேத்தியின் முதல் பல்லைப் பற்றி. அது நிறைவாக இருந்தது, இரண்டு தடவை படித்தேன். கடைசியில் எனக்கு ஒரே ஒரு வரி: “நான் வரணும்னு இப்ப பூனைக்கு நோய் வரவழைக்கிறீங்களா?”

இந்தச் சந்தேகத்துக்கு உனக்கு உரிமை இருக்கிறது. இருபது வருடம் முன்பு நீ உன் தங்கை வீட்டில் ஒரு மாதம் தங்கப் போனபோது, பத்தாவது நாளே எனக்குக் கடும் காய்ச்சல் என்று செய்தி அனுப்பினேன். நீ ஓடி வந்தாய். நீ வாசலில் கால் வைத்த நேரம் தெர்மாமீட்டரைக் காபியில் வைத்து எடுத்தேன். அது நூற்றெட்டு காட்டியது. “இந்தச் சூட்டுக்கு நீங்க செத்து ரெண்டு நாள் ஆகியிருக்கணும்” என்று சொல்லிவிட்டு நீ முகம் கழுவப் போனாய். அதற்குப் பிறகு எனக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தபோதெல்லாம் நீ முதலில் காபியைத்தான் தொட்டுப் பார்த்தாய். ஆகவே நான் சொல்வதை நம்பாதே. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை தையல்காரம்மாவும் நானும் அவனைக் கூடையில் வைத்து எடுத்துப் போனோம். டாக்டர் நம் மகள் வயதுப் பெண். குழந்தையை நிறுப்பது மாதிரி ஒரு தட்டில் அவனை உட்கார வைத்தார். சரியாக நாலு கிலோ. உங்கள் தராசு ஒரு கிலோ குறைத்துக் காட்டுகிறது என்று மரியாதையாகச் சொன்னேன். “இன்னைக்கு இதுல பதினோரு பேர் ஏறி இறங்கியாச்சு. யாரும் சண்டைக்கு வரல சார்” என்றார். போன வருடம் இதே தட்டில் நாலு கிலோ அறுநூறு என்று அவர் கோப்பில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நான் மட்டும் தனியாக நம் தராசில் ஏறினேன். எழுபத்திரண்டு. நீ போன பிறகு முனைக்கடை ரொட்டியிலும் வெண்ணெயிலும் நான் சேர்த்த ஒரு கிலோவைத்தான் இத்தனை நாளும் பூனையின் பெயரில் உனக்கு எழுதி வந்திருக்கிறேன். அவன் இளைத்த அறுநூறு கிராமை என் தொப்பை மறைத்துவிட்டது. முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ வீடுகளில் மீட்டரைத் திருத்தியவர்களைப் பிடித்திருக்கிறேன். மீட்டரே இன்ஸ்பெக்டராக இருந்த கேஸ் இதுதான் முதல்.

டாக்டர் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்திருந்தன. எப்போதிலிருந்து, எத்தனை தடவை, முன்பு எப்படி. ஒரு நல்ல ஆய்வாளர் கேட்கிற மாதிரி கேட்டார். அவர் பதில்கள்தான் பிடிக்கவில்லை. “சிறுநீரகமா இருக்கலாம், தைராய்டா இருக்கலாம், சர்க்கரையா இருக்கலாம்” என்றார். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறான் என்று கேட்டேன். பூனைகள் உடம்புக்கு முடியாததைக் காட்டிக்கொள்ளாது, சாப்பிடாமல் படுத்துக்கொண்ட பிறகுதான் எல்லாரும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், அப்போது சிறுநீரகத்தில் பெரும்பகுதி போயிருக்கும், மிச்சத்தைத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்றார். நான் தண்ணீரைக் குறைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அப்போது மட்டும் அவர் குரல் மாறியது. “அதை மட்டும் செஞ்சிராதீங்க. அது ஆசைக்குக் குடிக்கல. போறதை ஈடுகட்டக் குடிக்குது.”

ரத்தம் எடுத்தார்கள். மேனேஜர் கத்தவில்லை, நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன் என்று உன் உளவாளி உனக்கு எழுதக்கூடும். அது வெளிச்சத்துக்காக. சிறுநீருக்கு, மணலுக்குப் பதிலாகத் தட்டில் போட ஈரம் உறிஞ்சாத சின்னச் சின்ன மணிகள் கொடுத்தார்கள். நேற்று முழுக்க நானும் தையல்காரம்மாவும் கூடத்தில் முறை வைத்துக் காவல் இருந்தோம். அவன் எங்களைப் பார்த்துக்கொண்டே பத்து மணிநேரம் அடக்கிக்கொண்டான். கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவு மணிச் சத்தத்துக்கு எழுந்து போனபோது காரியத்தை முடித்துவிட்டான். ஊசிக்குழலில் உறிஞ்சி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது தண்ணீர் மாதிரி இருந்தது. நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அந்தக் குழலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது முதல்முறையாக எனக்கு யார்மேலும் சந்தேகம் வரவில்லை. பயம்தான் வந்தது.

நீ வர வேண்டாம். பரிசோதனை முடிவு வரட்டும்.

இப்படிக்கு,
எழுபத்திரண்டு கிலோ
இன்ஸ்பெக்டர்


வெள்ளிக்கிழமை

அன்புள்ள டீச்சருக்கு,

நாலு வாரமாக நான் எழுதவில்லை. நீ இரண்டு கடிதம் போட்டிருக்கிறாய். முதலாவதில் “சும்மா சொல்லாதீங்க” என்றும் இரண்டாவதில் “நிஜமாச் சொல்லுங்க” என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் நடுவில் உனக்கும் உள்ளுக்குள் ஏதோ உதைத்திருக்கிறது என்று தெரிகிறது. ஒருமுறை பார்த்ததை நம்பக் கூடாது, மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் சொல்வேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரைகுறையாக எழுதினால் நீ காபியைத் தொட்டுப் பார்ப்பாய் என்றுதான் காத்திருந்தேன்.

தைராய்டு இல்லை. சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது; முன்னங்காலில் பொம்மைக்குக் கட்டுவதுபோல் ஒரு பட்டை கட்டிப் பார்த்தார்கள். ஆனால் சிறுநீர் இரண்டு முறையும் நீர்த்துத்தான் இருக்கிறது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒன்று பார்க்கிறார்கள். சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு அது. தள்ளத் தள்ளக் குறைவாக இருக்கும், தள்ள முடியாவிட்டால் ரத்தத்தில் ஏறும். மேனேஜருக்கு ஒன்று புள்ளி ஏழு. காகிதத்திலேயே இரண்டு புள்ளி நாலு வரை சரி என்று அச்சடித்திருக்கிறது. நான் அதை விரலால் தொட்டுக் காட்டி, சரியாகத்தானே இருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

டாக்டர் போன வருடம் பல் பிடுங்கும் முன் எடுத்த காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று புள்ளி ஒன்று. “ரெண்டுமே நார்மல்தான் சார். ஆனா ஒரே பூனை” என்றார்.

டீச்சர், எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு வீட்டு மீட்டரைத் தெருவின் சராசரியோடு ஒப்பிடுபவன் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். அதே வீட்டின் போன ரீடிங்கோடு ஒப்பிடுபவன்தான் கசிவைக் கண்டுபிடிப்பான். சுவருக்குள் குழாய் கசியும்போது சுவர் காய்ந்துதான் இருக்கும், வீட்டுக்காரர்கள் நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்றுதான் சொல்வார்கள். இதை எத்தனை பேருக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். கிரியாட்டினினுக்கும் முன்னாலேயே காட்டிக்கொடுக்கிற இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறதாம். அதையும் இரண்டு முறை பார்த்தார்கள். இரண்டு முறையும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது.

ஆக, சிறுநீரகம் பழுதுபட ஆரம்பித்திருக்கிறது. போனது திரும்பாது. ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம் என்றார். இந்த நிலையில் தெரிய வருகிற பூனைகள் குறைவாம். ஏழு வயது தாண்டினால் வருடா வருடம் இதைப் பார்க்க வேண்டும், யாரும் பார்ப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். சிறுநீரகத்துக்கென்று தனி உணவு, நிறையத் தண்ணீர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர், எடை, அழுத்தம். இதில் ஒழுங்காக இருந்தால் இன்னும் சில வருடங்கள் நன்றாகவே இருக்கலாமாம். எத்தனை வருடம் என்று கேட்டேன். “அதை அதுதான் சொல்லணும்” என்றார். அந்தப் பெண்ணை எனக்குச் சந்தேகிக்கத் தெரியவில்லை. முயன்று பார்த்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ ரகசியமாக ஊற்றச் சொன்ன தண்ணீரால்தான் நோய் தெரியாமல் போயிற்று என்று நீ உட்கார்ந்து அழுவாய், எனக்குத் தெரியும். அழாதே. டாக்டரிடம் இதைக் கேட்டுவிட்டேன். அந்தக் கிண்ணம் ஒரு நாளும் வற்றாமல் இருந்ததுதான் அவனைத் தாங்கியிருக்கிறது என்றார். என் கோட்டை நம்பி அவன் இருந்திருந்தால் காய்ந்து போயிருப்பான். நீ என்னை நம்பாதது அவனுக்கு நல்லதாகப் போயிற்று.

புது உணவை அவன் என் கையால் தொட மாட்டேன் என்கிறான். பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டுமாம். கலந்து வைத்தால் பழையதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தை என் பக்கம் தள்ளுகிறான். தையல்காரம்மா வைத்தால் நாலு வாய் சாப்பிடுகிறான். பிறகு நிமிர்ந்து வாசல் கதவைப் பார்க்கிறான். யாரை எதிர்பார்க்கிறான் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. நான் நடந்ததை மட்டும் எழுதுபவன்.

இதோடு எல்லாக் காகிதங்களின் நகலும் வைத்திருக்கிறேன். டாக்டரின் போன் நம்பர் பின்புறம் இருக்கிறது. அவரைக் கூப்பிட்டுக் கேள். தையல்காரம்மாவைக் கேள். ஆனால் ஒரு பழைய ஆய்வாளன் என்ற முறையில் உன்னை எச்சரிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். நகலை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். போனில் பேசுவது டாக்டர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? தையல்காரம்மா இப்போதெல்லாம் சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து காபி குடிக்கிறார், அவர் யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. தெர்மாமீட்டர் கேஸில் மாட்டிய ஒரு ஆளின் வாக்குமூலத்தைத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சரிபார்க்கவே முடியாது. எங்கள் துறையில் அதற்கு ஒரு வழிதான் வைத்திருந்தோம். நேரில் போய்ப் பார்ப்போம்.

நீ வர வேண்டும் என்று இதில் நான் எழுதவில்லை. மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன், அப்படி ஒரு வரி எங்கேயும் இல்லை. மகளுக்கு நீ அங்கே தேவை, குழந்தைக்கு இரண்டாவது பல் வரப்போகிறது. எல்லாம் எனக்குத் தெரியும். மேனேஜரின் அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து, பத்தாம் தேதி, காலை பத்து மணிக்கு. தகவலுக்காக.

மகளும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உனக்கு என்னைப் பற்றிய சந்தேகம் மட்டும் லேசில் தீராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பரிசோதனைக்குக் காத்திருக்கும்
வீட்டுக்காரன்